மழை நாட்டில் வெயில் ஊர்

வாழ்வதற்குரிய ஊரைத் தெரிந்தெடுத்தல் அறத்தோடு தொடர்புடைய செயலா, வெறும் வசதியைப் பற்றியதா என்னும் வினா நம் வகுப்பறைகளில் எழுவது அரிது. திணைப் பாகுபாட்டை நாம் கற்பிக்கின்றோம். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியர் வகுத்ததை மாணவர் மனனம் செய்து தேர்வுத்தாளிலும் எழுதுகின்றனர். அப்பாகுபாட்டில் நிலம் முன்னே நிற்கின்றது. மாந்தர் அதன் பின்னே வருகின்றனர். குறிஞ்சியில் பிறந்தவன் தினையை உண்டு முருகனை வணங்குகின்றான். நெய்தலில் பிறந்தவள் மீனை உலர்த்திப் பறவைகளை விரட்டுகின்றாள். "கடற்காற்று என் உடலுக்கு ஒவ்வவில்லை, முல்லை நிலத்தில் ஒரு வீடு பார்க்கின்றேன்" என்று கூறும் தலைவனைச் சங்கப் பாடல் எதிலும் நான் கண்டதில்லை.

இன்று இவ்வரிசை தலைகீழாகிவிட்டது. ஓய்வூதியம் பெறுவோரும், எந்நாட்டிலும் விலைபோகக்கூடிய தொழிலைக் கற்றோரும் மழையளவுப் பட்டியலை ஒரு கையிலும் வீட்டுவிலைப் பட்டியலை மறு கையிலும் வைத்துக்கொண்டு ஊர் தேடுகின்றனர். இத்தேட்டத்தில் விந்தையான வகை ஒன்று உண்டு. மழைக்குப் பெயர்பெற்ற ஒரு நாட்டுப்பகுதிக்குக் குடிபெயர முடிவு செய்கின்றனர். முடிவு செய்தபின், அப்பகுதியிலேயே மழை குறைந்த சிற்றூர் எது என்று வினவுகின்றனர். பசுமை வேண்டும், ஆறு வேண்டும், பனி மூடிய மலைக்காட்சி வேண்டும். இவற்றையெல்லாம் உண்டாக்குகின்ற மழை மட்டும் அண்டை ஊரில் பெய்யட்டும் என்பது இவ்விருப்பத்தின் உட்பொருள். இது குற்றமா? குற்றம் இல்லையெனில், இவ்வாறு தெரிந்தெடுப்போர்க்குக் கடமை ஏதும் உண்டா?

பொதுப்படப் பேசிக்கொண்டிருந்தால் இவ்வினாவுக்கு விடை காண்பது இயலாது. ஆதலின் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க நாட்டின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன் மாநிலம் உள்ளது. அம்மாநிலத்தின் மேற்குக் கோடியில், மூன்று பக்கமும் நீர் சூழ, ஒலிம்பிக் தீபகற்பம் அமைந்திருக்கின்றது. அதன் நடுவே ஒலிம்பிக் மலைத்தொடர் எழுந்து நிற்கின்றது. அதன் உச்சி 2,400 மீட்டருக்குச் சற்று மேற்பட்டது. பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இம்மலையில் மோதி, மேலெழுந்து, குளிர்ந்து, தன் சுமையை மேற்குச் சரிவில் கொட்டிவிடுகின்றது. அங்கே ஹோ என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 140 அங்குல மழை பெய்கின்றது. வானளாவிய ஊசியிலை மரங்களின் கிளைதோறும் பாசி தாடிபோல் தொங்கும் மழைக்காடு அது. மலையைக் கடந்து வடகிழக்கே இறங்கும் காற்றோ வெறுங்கையோடு இறங்குகின்றது. இறங்கும்போது வெப்பமடைந்து மேலும் உலர்கின்றது. புவியியல் நூல்கள் மழை மறைவுப் பகுதி என்று கூறுவது இதனையே. அப்பகுதியில், ஹோ காட்டிலிருந்து நேர்க்கோட்டில் 70 கிலோமீட்டர்கூட இல்லாத தொலைவில், ஸ்குவிம் என்னும் சிற்றூர் இருக்கின்றது. அங்குப் பெய்வது ஆண்டுக்குப் பதினாறு அங்குல அளவே. கள்ளிச் செடி ஒருவகை அங்கு இயல்பாகவே வளர்கின்றது என்றால் அதன் வறட்சியை உணரலாம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவ்வூரில் வாழ்வோர் ஏறத்தாழ எண்ணாயிரவர். அவர்களுள் முதியோர் மிகுதி. தொழிலிலிருந்து ஓய்வு பெற்றபின், மழையிலிருந்தும் ஓய்வு வேண்டி வந்தவர்கள் எனலாம்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நமக்கு இதில் ஒரு நகைச்சுவை தோன்றும். அப்பகுதியின் பெருநகராகிய சியாட்டில் மழைக்குப் பெயர்போனது. ஆயினும் அங்கு ஓராண்டில் பெய்யும் மழை 1,000 மில்லிமீட்டர் அளவினது. சிங்கப்பூரில் பெய்வது 2,100 மில்லிமீட்டருக்கும் மேல். சென்னைகூடச் சியாட்டிலை விட மிகுதியாக மழை பெறுகின்றது. அப்படியிருக்க, அம்மக்கள் எதற்கு அஞ்சி ஓடுகின்றனர்? நம் மழை பிற்பகலில் இடியோடு வந்து, ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்து, மாலைக்குள் வெயிலை மீண்டும் கொடுத்துவிடுகின்றது. அவர்களுடைய மழை அக்டோபரில் தொடங்கி வசந்தம்வரை தூறலாய், சாம்பல்நிற மேகமாய்த் தொடர்கின்றது. டிசம்பர் மாதத்தில் அங்குப் பகற்பொழுதே எட்டரை மணி நேரத்துக்கும் குறைவு. அக்குறுகிய பகலையும் மேகம் மூடிக்கொள்கின்றது. அவர்கள் அஞ்சுவது நீரை அன்று, ஒளியின்மையை. மேகக் கூட்டத்திடையே ஸ்குவிம்மின் மேல் மட்டும் திறந்திருக்கும் வானத்தை விமானிகள் நீலத் துளை என்று அழைத்தனர். அத்துளையின் கீழ் வீடு வாங்கத்தான் இத்தனை போட்டி. (வீட்டு விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு அங்கும் வெயில் இல்லை என்பது வேறு செய்தி. மழை குறைவு என்பதால் மேகமும் குறைவு என்று கொள்ளலாகாது; கடலிலிருந்து வரும் தாழ்மேகத்துக்கு மலை தடையாகாது.)

என்னிடம் இடைநிலைப் பள்ளியில் தமிழ் பயின்ற பெண்மணி ஒருவர் தாதித் தொழிலில் பல்லாண்டு பணியாற்றியவர். அத்தீபகற்பத்தின் வடகரைத் துறைமுக நகரில் அவருக்கு வேலை கிடைத்துள்ளது. குடியிருக்க ஊர் தேடுகையில் கணவன் மனைவியரிடையே கருத்து வேறுபாடு தோன்றிவிட்டது. அவர் ஸ்குவிம் ஊரை விரும்புகின்றார். கணவரோ மேற்கே மழைக்காட்டின் ஓரத்தில் உள்ள போர்க்ஸ் என்னும் ஊரை விரும்புகின்றார். அங்கு ஆண்டுக்கு நூறு அங்குலத்துக்கு மேல் மழை. "மழைக்கு அஞ்சுகிறவர் மழை நாட்டுக்கு ஏன் வரவேண்டும்? வந்தபின் ஒதுங்குவது விருந்துக்குப் போய்விட்டு வீட்டாரோடு பேசாமல் உண்டுவிட்டு எழுவது போன்றது" என்பது கணவரின் வாதம். "ஐயா, வெயிலை விரும்புவது தன்னலமா? எங்கள் பாட்டி இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கின்றேன்" என்று அவர் எனக்கு எழுதினார். பாட்டியை அவர் இழுத்ததால்தான் இவ்வினா என்னை விட்டு அகலவில்லை.

ஏனெனில் அந்தப் பாட்டியின் தலைமுறையினரை நாம் அறிவோம். ரப்பர் மரம் மழை மிகுந்த வெப்ப நிலத்தில் செழிப்பது. மரம் விரும்பிய இடத்தில் தோட்டம் தோன்றியது. தோட்டம் தோன்றிய இடத்தில் நம்மவர் குடியேற்றப்பட்டனர். வெயிலூர் வேண்டுமா மழையூர் வேண்டுமா என்று அவர்களை எவரும் வினவவில்லை. பேராக் மாநிலத்துத் தைப்பிங் தீபகற்ப மலேசியாவிலேயே மழை மிக்க நகரங்களுள் ஒன்று. ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் அளவில் அங்கு மழை பெய்கின்றது. அந்நகரின் பின்னே உள்ள லாருட் மலைச்சாரலில் மேகம் இறங்காத நாள் குறைவு. இன்று மழை எத்தனை மணிக்கு வரும் என்று அந்நகரத்தார் ஒரு காலத்தில் பந்தயம் கட்டுவார்களாம். ஏரிப் பூங்காவின் தூங்குமூஞ்சி மரங்களின் கீழ் நடப்போர்க்கு அம்மழை அழகு. அதே மழை விடியற்காலையில் பெய்தால் பால்மரம் வெட்டுவோர்க்கு அது வேறு. பட்டை நனைந்திருந்தால் மரம் வெட்டலாகாது. வெட்டியபின் மழை வந்தால் கோப்பையில் வடிந்த பாலெல்லாம் நீரோடு வழிந்து போகும். நாட்கூலி முறை நிலவிய நெடுங்காலம்வரை, மழைக்காலை என்பது கூலியற்ற காலை. லயத்து வீட்டு வாசலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்த பெண்டிர் மழையைப் பாடிக்கொண்டிருக்கவில்லை.

ஆதலின் கணவரின் வாதத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. மழையைத் தாங்குவதே ஒரு நோன்பு என்றும், வெயிலைத் தேடுவது கோழைத்தனம் என்றும் எண்ணுவது, தாங்கியே தீரவேண்டிய கட்டாயம் இல்லாதவர்க்கு எளிது. துன்பம் தன்னளவில் அறம் ஆகிவிடாது. மேலும், ஒளியின் குறைவு உள்ளத்தைத் தாக்கும் என்பது இன்று கற்பனையன்று. குளிர்காலந்தோறும் வந்து வசந்தத்தில் நீங்கும் மனச்சோர்வை ஒரு தனி நோயாக நார்மன் ரோசன்தால் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 1984ஆம் ஆண்டில் விளக்கி எழுதினர். ஒளிச் சிகிச்சையால் அந்நோய் தணிவதையும் காட்டினர். நிலநடுக்கோட்டின் அருகே நாள்தோறும் பன்னிரண்டு மணி நேர ஒளியில் ஐம்பதாண்டு வாழ்ந்த ஒரு பெண், வடக்கே நாற்பத்தெட்டாம் பாகையில் போய்க் குடியேறும்போது, வெயில் விழும் சன்னலைத் தேடுவதைத் தன்னலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோயாளியைக் கவனிக்க வேண்டியவர் தாம் சோர்ந்திருப்பதால் யாருக்கு என்ன நன்மை?

ஆயினும் வினா இத்துடன் முடிந்துவிடவில்லை. வெயிலை விரும்பலாம் என்பது வேறு; வெயிலூரில் வாழ்வோர் மழைக்கு ஒன்றும் கடன்பட்டவர் அல்லர் என்பது வேறு. இரண்டாவதை ஒப்புக்கொள்ள இயலாது என்பதற்கு ஸ்குவிம் ஊரின் வரலாறே சான்று பகர்கின்றது.

பதினாறு அங்குல மழையில் அங்கு விளைந்தது வறண்ட புல்வெளி மட்டுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்குக் குடியேறியிருந்த உழவர் சிலர் டஞ்சனஸ் என்னும் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்ட முற்பட்டனர். ஊரார் பலர் நகைத்தனராம். 1895இல் தொடங்கிய வேலை முடிந்து, 1896 மே மாதத்தில் நீர் புல்வெளிக்கு வந்து சேர்ந்தது. அதனைக் கொண்டாடிய விழா ஆண்டுதோறும் மே மாதத்தில் இன்றளவும் தொடர்கின்றது. வாஷிங்டன் மாநிலத்தில் விடாது நடைபெற்றுவரும் விழாக்களுள் அதுவே மிகப் பழையது என்பர். ஊர்வலம், அலங்கார வண்டி, பாட்டு எல்லாம் உண்டு. ஆனால் விழாவின் பெயர் நீர்ப்பாசன விழா. வெயிலுக்காகப் புகழ்பெற்ற ஊர் தன் முதன்மையான திருநாளை நீருக்கு எடுக்கின்றது! புதிதாக வந்து குடியேறியவர்களுள் எத்தனை பேர் அவ்விழாவின் பொருளை எண்ணிப் பார்க்கின்றனரோ, அறியேன்.

அந்த ஆற்று நீர் எங்கிருந்து வருகின்றது? ஒலிம்பிக் மலையின் உச்சியில் குளிர்காலம் முழுதும் விழும் பனியிலிருந்தும் மழையிலிருந்தும் வருகின்றது. மலையில் எவருடைய தலைமேலோ கொட்டுவது, கோடையில் உருகி, செங்குத்தான பள்ளத்தாக்கின் வழியே இறங்கி, வெயிலூரின் வயலுக்கும் நிலத்தடிக்கும் வந்து சேர்கின்றது. பாற்பண்ணையும் ஊதாநிற லாவெண்டர்ப் பூந்தோட்டமும், ஓய்வுபெற்றோர் வீட்டு முற்றத்தின் புல்தரையும் அந்நீரையே உண்கின்றன. ஊரின் வறட்சியும் ஊரின் வளமும் ஒரே மலையின் கொடை. பாலைக்கெனத் தனி நிலம் இல்லை, பிற நிலங்கள் காய்ந்த நிலையே பாலை என்று நம் முன்னோர் கண்டனர் அல்லவா? ஸ்குவிம்மின் வெயிலும் அத்தகையதே. அது தனித்து நிற்கும் பொருளன்று. பெருமழை ஒன்றின் மறுபக்கம்.

2015ஆம் ஆண்டில் இவ்வுண்மை அவ்வூரார்க்குக் கசப்பாகவே புலப்பட்டது. அதற்கு முந்திய குளிர்காலத்தில் மழை ஏறத்தாழ வழக்கம்போல் பெய்தது. ஆனால் மலையில் போதிய குளிர் இல்லாமையால் அது பனியாகத் தங்காமல் உடனே ஓடி மறைந்தது. வசந்தத்தில் ஒலிம்பிக் மலை பெரும்பாலும் வெறுமையாய்க் காட்சியளித்தது. மார்ச் மாதத்திலேயே மாநில ஆளுநர் அத்தீபகற்பம் உள்ளிட்ட பகுதிகளுக்கு வறட்சி நிலையை அறிவித்தார். மேற்கே குவீட்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மழைக்காட்டில் மின்னலால் தீப்பற்றிக் கோடை முழுதும் எரிந்தது. பாசி தொங்கும் காடு எரியும் என்று எவர் நினைத்திருப்பார்? குளிர்காலத்தில் பனி விழாத குறையை, கோடையில் வெயிலூரின் வாய்க்கால் உணர்ந்தது.

நீருக்கு வேறு உரிமையாளரும் உண்டு. சால்மன் மீன் கடலில் வளர்ந்து, முட்டையிடும் பொருட்டுத் தான் பிறந்த ஆற்றுக்கே மீள்வது. டஞ்சனஸ் ஆற்றுக்கு அது திரும்பும் கோடையின் இறுதிதான் ஆற்றில் நீர் மிகக் குறைந்திருக்கும் காலம். வயலும் தோட்டமும் நீர் கேட்கும் காலமும் அதுவே. அவ்வட்டாரத்துச் சினூக் வகைச் சால்மன் 1999ஆம் ஆண்டில் அமெரிக்க நடுவண் அரசின் அழிவுறும் அச்சத்துக்குட்பட்ட உயிரினப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மண் வாய்க்கால்களில் நீர் கசிந்து வீணாவதைத் தடுக்க உழவர்கள் அவற்றுள் பலவற்றைக் குழாய்களாக மாற்றி, ஆற்றில் நீரை விட்டுவைக்க முற்பட்டனர். 2013ஆம் ஆண்டு சனவரியில் மாநில அரசின் புதிய விதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி அப்பள்ளத்தாக்கில் புதிதாகக் கிணறு தோண்டுவோர், ஒரு வீட்டுக்கான சிறு கிணறாயினும், தாம் எடுக்கும் நீருக்கு ஈடுசெய்தாக வேண்டும். கிணற்று நீரும் ஆற்று நீரும் நிலத்தடியில் தொடர்புடையவை என்பதே இதற்குக் காரணம். இவ்விதி வந்தபோது வீடு கட்டுவோர் பலர் சினந்தனர். எனக்கோ இது நெடுநாள் மறைந்து கிடந்த கணக்கு ஒன்றை ஏட்டில் எழுதியதுபோல் தோன்றுகின்றது. வெயிலுக்குக் கொடுத்த விலையில் மழையின் விலை அதுவரை சேர்க்கப்படவில்லை.

இனி, அம்மண்ணைத் தெரிந்தெடுத்த வேறு சிலரைப் பற்றிக் கூறவேண்டும். அவர்கள் ஸ்கிளாலம் என்னும் பழங்குடியினர். வெள்ளையர் வருமுன்னர் அக்கரையெல்லாம் அவர்களுடையது. 1855ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி அவர்கள் தம் நிலத்தை விட்டு, தெற்கே வேறொரு குடியினர்க்குரிய ஸ்கோகோமிஷ் ஒதுக்கீட்டு நிலத்துக்குப் போய்ச் சேரவேண்டும். அவர்களுள் ஒரு சாரார் போக மறுத்தனர். 1874ஆம் ஆண்டில், தங்களுக்குள் பொற்காசு சேர்த்து, 500 டாலர் கொடுத்து, டஞ்சனஸ் அருகே கடற்கரையோரமாக 210 ஏக்கர் நிலத்தை விலைக்கு வாங்கினர். தங்கள் முன்னோர் நிலத்தைத் தாங்களே பணம் கொடுத்து வாங்கினர்! தலைமை தாங்கிய ஜேம்ஸ் பால்ச் என்பவரின் பெயரால் அவ்விடம் ஜேம்ஸ்டவுன் எனப் பெயர் பெற்றது. ஒதுக்கீட்டு நிலத்துக்குப் போகாமையால் அரசின் உதவிகள் பலவற்றை அவர்கள் இழந்தனர். 1981ஆம் ஆண்டில்தான் நடுவண் அரசு அவர்களை முறையாக ஏற்றுக்கொண்டது. இன்று அவர்கள் ஸ்குவிம்மில் மருத்துவ நிலையம் நடத்துகின்றனர். டஞ்சனஸ் ஆற்றைச் சீர்ப்படுத்தும் பணியிலும் முன்னிற்கின்றனர்.

வெயிலுக்காக வீடு வாங்கியவரும் ஜேம்ஸ்டவுன் மக்களும் ஒரே மண்ணைப் பணம் கொடுத்தே வாங்கினர். ஆயினும் இரண்டும் ஒரே செயலா? ஸ்கிளாலம் மக்கள் அவ்விடத்தின் ஒரு பண்பைத் தெரிந்தெடுக்கவில்லை. அதன் கடலை, மீனை, இறந்தோரை, இழப்பை, எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றனர். வெயில் தேடி வந்தவர் அவ்விடத்தின் ஒரு பண்பை மட்டும் விரும்பி வந்தார். நாளை வெயில் குறையுமாயின், அல்லது வேறோர் ஊரில் இன்னும் மலிவாகக் கிடைக்குமாயின், அவர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விடலாம். இதில் அறக்கேடு என்ன என்று கேட்பார்க்கு நான் உடனே தடுத்து விடை கூறமாட்டேன். புதிதாய் வருவோர் எவரும் முதலில் ஏதோ ஒரு பண்பை விரும்பியே வருகின்றனர். நம் மூதாதையர் கூலியை விரும்பி வந்தனர். வந்த காரணத்தைவிட, வந்தபின் நடந்துகொள்வதைக் கொண்டே ஒருவரை மதிப்பிடல் வேண்டும் எனக் கருதுகின்றேன்.

இங்கு இன்னொரு பழைய தெரிவையும் நினைவுகூரலாம். ஆங்கிலேயர் காசி மலைகளில் முதலில் சிரபுஞ்சியைத் தம் அலுவல் இடமாகக் கொண்டிருந்தனர். ஆண்டுக்கு 11,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழையைத் தாங்கமாட்டாமல், 1860களில், அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவே மழை பெறும் சில்லாங்குக்கு அலுவலகங்களை மாற்றிக்கொண்டனர். 1874இல் சில்லாங் அசாம் மாகாணத்தின் தலைநகரம் ஆயிற்று. சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் அதனைச் சுற்றி வளர்ந்தன. மாற விரும்பியதில் பிழையில்லை. ஆனால் ஆட்சியும் செல்வமும் வெயில் பக்கம் ஒதுங்கும்போது, மழைப் பக்கத்தில் எஞ்சியிருப்போரை யார் நினைப்பார்? உலகிலேயே மழை மிக்க இடங்களுள் ஒன்றாகிய சிரபுஞ்சியில் குளிர்காலந்தோறும் பெண்கள் குடிநீர் தேடி நெடுந்தொலைவு நடக்க நேர்கின்றது. பெய்த நீர் பாறையில் தங்காமல் வழிந்து ஓடிவிடுகின்றது. தேக்கி வைப்பதற்குப் போதிய ஏற்பாடு இல்லை. தனி ஒருவர் வெயிலூருக்குப் போவதால் எதுவும் குறைந்துவிடாது. பொருளும் கல்வியும் உடையோர் அனைவரும் போனால் குறையும். நம் நாட்டிலும் தோட்டப்புறத்துத் தமிழ்ப்பள்ளிகள் பிள்ளைகளின்றிச் சுருங்கியதை அறிந்த ஆசிரியர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

ஸ்குவிம்மின் நிலைமையிலும் இத்தகைய முரண் ஒன்று தெரிகின்றது. வயல்வெளியின் திறந்த அழகை விரும்பி ஒருவர் வருகின்றார்; பாற்பண்ணையாக இருந்த நிலத்தில் அவருக்கு வீடு எழும்புகின்றது. அதே அழகை விரும்பி அடுத்தவர் வருகின்றார். அவருடைய வீடு முன்னவர் கண்ட காட்சியை மறைக்கின்றது. வந்தவர் அனைவரும் நல்லவரே. ஒவ்வொருவரும் தமக்குப்பின் வாயிற்கதவு அடைக்கப்பட வேண்டும் என்று விரும்புவதில்தான் இடர் இருக்கின்றது. புதிய வீடுகளுக்கு எதிராக மிகுந்த குரல் எழுப்புவோர் சென்ற பத்தாண்டில் புதிய வீட்டுக்கு வந்தவர்களாய் இருப்பது அவ்வூருக்கு மட்டும் உரிய வழக்கமன்று.

வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து மழையை வைத்தார் என்று மாணவர்க்குச் சொல்கின்றோம். அதன் காரணத்தை விளக்கும்போது உழவையும் உணவையும் கூறி நிறுத்திவிடுகின்றோம். மழை பொய்த்தால் கொடையும் தவமும் உலகில் நில்லா என்னும் கருத்தும் அவ்வதிகாரத்தில் உண்டு. நல்லவராய் இருப்பதற்கே எங்கோ மழை பெய்துகொண்டிருக்க வேண்டும் என்பது எத்துணை கூரிய எண்ணம்! இளங்கோவடிகளோ தம் காப்பியத்தின் தொடக்கத்தில் திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் அடுத்தடுத்து வாழ்த்துகின்றார். ஒன்றைப் போற்றுவதற்காக மற்றொன்றை அவர் குறைக்கவில்லை.

ஆகவே என் பழைய மாணவிக்கு நான் இவ்வாறு எழுதினேன்: வெயிலூரிலேயே குடியிருங்கள், அதற்காக நாணவேண்டா. ஆனால் வீடு பார்க்கச் செல்லும்போது சன்னல் எத்திசை நோக்கியது என்று கேட்பதற்கு முன் நீர் எங்கிருந்து வருகின்றது என்று கேளுங்கள். கிணறாயின் அது எந்த ஆண்டில் தோண்டப்பட்டது, 2013க்குப் பின்னெனில் அதற்கு ஈடு செலுத்தப்பட்டுள்ளதா என்று கேளுங்கள். வீட்டு முற்றத்தில் புல்தரை வேண்டாம். அம்மண்ணுக்குரிய செடிகளே போதும். மே மாத ஊர்வலத்தை வேடிக்கை பார்ப்பதோடு நில்லாமல் அவ்வாய்க்காலின் தலைமதகுவரை ஒரு முறை நடந்துபோய் வாருங்கள். மழைப்பக்கத்து ஊர்களில் தாதியர் தேவைப்படும் நாட்கள் இருக்கும், அழைத்தால் மறுக்காதீர்கள். பாட்டியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தம் பேத்திக்கு ஊரைத் தெரிந்தெடுக்கும் உரிமை வாய்த்ததைக் கேட்டு அவர் மகிழ்ந்திருப்பார் என்றே எண்ணுகின்றேன். மழைக்கு அஞ்சியதற்காக அவர் உங்களைக் கடிந்திருக்கமாட்டார். குடிக்கும் நீர் வந்த வழி தெரியாமல் இருந்திருந்தால் கடிந்திருப்பார்.

அவருடைய மறுமொழி சென்ற மாதம் வந்தது. இன்னும் வீடு வாங்கவில்லையாம். சனவரி மாதத்தில், மழை உச்சத்தில் இருக்கும்போது, இருவரும் ஹோ காட்டில் ஒரு கிழமை தங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று கணவர் சொல்லிவிட்டாராம். கணவருக்கு இதுவரை மழைக்கோட்டு இல்லை என்றும் அவர் எழுதியிருந்தார்.